அப்பாவுக்கு வந்த பிஎஸ்பி எனக்கும் வருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிஎஸ்பி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ப்ரோகிரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி என்ற, நடையையும் கண்ணசைவையும் விழுங்குவதையும் கெடுக்கும் மூளை நோய் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தேன். சிகிச்சையைப் பற்றிக் கேட்டவர்களைவிட ‘இது பரம்பரையா?’ என்று கேட்டவர்களே அதிகம். என் அறைக்கு வரும் நோயாளிகளின் பிள்ளைகளும் இதைத்தான் கேட்பார்கள். அதுவும் நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு, தனியாக வந்து கேட்பார்கள். அதனால் இந்த முறை மரபணு தொடர்பான கேள்விகள் மட்டும். பெயர்களை எடுத்துவிட்டேன்.

என் அப்பாவுக்கு 68 வயது. மூன்று வருடமாகப் பார்க்கின்சன் என்று மாத்திரை சாப்பிட்டார், பெரிதாகப் பலன் இல்லை. இப்போது வேறொரு டாக்டர் பிஎஸ்பி என்கிறார். எனக்கு 41, தங்கைக்கு 37. எங்களுக்கும் வருமா? – மதுரை

பெரும்பாலும் வராது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான். லட்சம் பேரை எடுத்தால் 5 முதல் 7 பேருக்குத்தான் இந்த நோய் இருக்கும். அவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் பிஎஸ்பி மிக மிக அரிது.

உங்கள் அப்பாவுக்கு நடந்தது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. 1964இல் டொராண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி என்ற மூவர் இந்த நோயைத் தனி நோயாக எழுதிவைத்தார்கள். அதற்கு முன்பு இந்த நோயாளிகளில் பலர் பார்க்கின்சன் கணக்கில்தான் போயிருப்பார்கள். இன்றும் முதல் ஒன்றிரண்டு வருடம் குழப்பம் வரும். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், பிஎஸ்பி நோயாளி சீக்கிரமே விழ ஆரம்பிப்பார்; அதுவும் பின்பக்கமாக, மல்லாக்க. உட்கார்ந்த நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுந்து அப்படியே திரும்ப அதிலேயே சாய்வார். கண்ணைக் கீழே இறக்குவது சிரமமாகும். தட்டு முன்னால் இருக்கும், ஆனால் பார்வை எதிர்ச் சுவரில் நிற்கும், சாம்பார் சாதம் சட்டையில் வழியும். படி இறங்கும்போது அடுத்த படி எங்கே இருக்கிறது என்று தெரியாது. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை கொஞ்சம் கேட்கும், இல்லையென்றால் கேட்கவே கேட்காது. எம்ஆர்ஐயில் நடுமூளை சுருங்கியிருப்பது தெரியும்.

இந்தச் சித்திரம் உங்கள் அப்பாவுக்குப் பொருந்தி, 60ஐத் தாண்டியபிறகு தொடங்கியிருந்து, குடும்பத்தில் வேறு யாருக்கும் இளவயதில் நடுக்கமோ தள்ளாட்டமோ மறதியோ இல்லை என்றால், நீங்களும் தங்கையும் எந்த மரபணுப் பரிசோதனைக்கும் போகவேண்டாம். 50 வயதுக்கு முன்பே தொடங்கினாலோ, ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இருந்தாலோ கதை வேறு. அதைக் கீழே இன்னொருவருக்கு எழுதியிருக்கிறேன்.

‘எச்1 மரபணு’ இருப்பவர்களுக்கு பிஎஸ்பி வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அம்மாவுக்கு இந்த நோய். நான் அந்த டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாமா? – சேலம்

காசை மிச்சம் பிடியுங்கள். டெஸ்ட் எடுக்காமலே முடிவைச் சொல்கிறேன்: உங்களிடம் எச்1 இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கிறது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. நரம்புச் செல்லுக்குள் டாவ் என்று ஒரு புரதம் உண்டு. செல்லின் உள்ளே சரக்குப் போக்குவரத்து நடக்கும் நுண்குழாய்களைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. பிஎஸ்பியில் இந்த டாவ் முறுக்கிக்கொண்டு மூளைத்தண்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் படிகிறது. டாவைத் தயாரிக்கும் மரபணுவின் பெயர் எம்ஏபிடி. இருப்பது 17ஆவது குரோமோசோமில். 1990களின் பிற்பகுதியிலேயே இந்த மரபணுவின் ஒரு வடிவம் பிஎஸ்பி நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவதைக் கவனித்துவிட்டார்கள். பிறகு 2005இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் அந்த வடிவம் எதில் வேறுபடுகிறது என்பதைக் கண்டார்கள். எம்ஏபிடியைச் சுற்றி சுமார் 9 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, சிலருக்கு நேராகவும் சிலருக்குத் தலைகீழாகவும் இருக்கிறது. ரயிலின் நடுவில் சில பெட்டிகளை மட்டும் கழற்றி, திருப்பி மாட்டியதுபோல. ஒரு வடிவத்துக்கு எச்1, இன்னொன்றுக்கு எச்2 என்று பெயர். நேரும் தலைகீழும் ஒன்றோடொன்று கலக்க முடியாது என்பதால், தலைமுறை தலைமுறையாக மொத்தத் துண்டாகவே இறங்கிவருகின்றன. (அதே ஆய்வில், எச்2 உள்ள ஐஸ்லாந்துப் பெண்களுக்குப் பிள்ளைகள் சற்று அதிகம் என்றும் தெரிந்தது. பிஎஸ்பிக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சுவாரசியம்.)

இப்போது எண்களைப் பாருங்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆரோக்கியமானவர்களின் குரோமோசோம்களை எண்ணினால், 100க்கு 75 முதல் 80 எச்1ஆக இருக்கும். பிஎஸ்பி நோயாளிகளில் அது 95 அளவுக்குப் போகிறது. எச்2வோடு ஒப்பிட்டால் எச்1 அபாயத்தைச் சுமார் ஐந்து மடங்கு கூட்டுகிறது என்பது இதிலிருந்து வந்த கணக்கு. வீடியோக்காரர் இந்த ‘ஐந்து மடங்கை’ எடுத்துக்கொண்டார். லட்சத்தில் ஒற்றை இலக்கத்தில் இருக்கும் ஒரு நோயின் ஐந்து மடங்கு எவ்வளவு என்று யோசிக்கவில்லை.

தவிர, எச்2 என்பது முக்கியமாக ஐரோப்பியர்களிடம் உள்ள சரக்கு. நம்மிடம் குறைவு, கிழக்கு ஆசியாவில் இல்லை என்றே சொல்லலாம். எச்1 ஒன்றே போதும் என்றால் ஜப்பானில் பிஎஸ்பி கொட்டிக்கிடக்க வேண்டுமே? யோனாகோ நகரில் 1999 நிலவரப்படி எடுத்த கணக்கு லட்சத்துக்கு 5.8. பிரிட்டனில் எடுத்த கணக்குகளும் ஏறத்தாழ அதே அளவுதான். எனவே எச்1 ஒரு பின்னணி மட்டும். அதன் மேல் வேறு பல சேர்ந்தால்தான் நோய் வருகிறது.

அந்த ‘வேறு பல’ என்ன? 2011இல் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு வந்தது. முதல் கட்டத்தில் மட்டும், இறந்தபிறகு மூளையைப் பரிசோதித்து பிஎஸ்பிதான் என்று உறுதிசெய்யப்பட்ட 1,114 பேரின் மரபணுக்களைப் பார்த்தார்கள். எம்ஏபிடியைத் தவிர எஸ்டிஎக்ஸ்6, இஐஎஃப்2ஏகே3, எம்ஓபிபி என்று மூன்று இடங்கள் கிடைத்தன. ஒன்று செல்லுக்குள் பொட்டலங்களை இடம் மாற்றும் வேலையோடு தொடர்புடையது, இன்னொன்று சரியாக மடியாத புரதங்கள் குவிந்தால் எச்சரிக்கை கொடுப்பது, மூன்றாவது நரம்பிழை மேலுறையின் புரதம். மூன்றின் பங்கும் தனித்தனியாகப் பார்த்தால் சிறியது. ஆராய்ச்சியாளருக்கு இவை தங்கம். உங்களுக்கோ எனக்கோ எதிர்காலம் சொல்ல உதவாது.

எங்கள் குடும்பத்தில் தலைமுறையாகச் சொந்தத்துக்குள்தான் கல்யாணம். அம்மாவுக்கு 66 வயதில் பிஎஸ்பி வந்ததற்கு அதுதான் காரணம் என்று உறவினர்கள் குத்திக்காட்டுகிறார்கள். உண்மையா டாக்டர்? – விருதுநகர்

இல்லை. தாய்மாமனையோ மாமன் மகனையோ கட்டிக்கொண்டதால் வருவது ‘ரிசெசிவ்’ வகை நோய்களின் அபாயம். அதாவது அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டும் வரும் நோய்கள். பிஎஸ்பி அந்த வகையில் சேராது. உறவினர்களிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் இந்தக் கேள்வியில் மறைந்திருக்கும் இன்னொரு விஷயத்தை விட மனமில்லை. சொந்தத்தில் கல்யாணமான பெற்றோருக்குப் பிறந்த, 40 வயதுகூட ஆகாத ஒருவருக்கு, கண் மேலும் கீழும் நகராமல், நடை தள்ளாடி, பேச்சு குழறினால், பிஎஸ்பி என்று எழுதிவிட்டு உட்காரக்கூடாது. நீமன்-பிக் சி என்று ஒரு நோய் உண்டு. அதிலும் கண்ணின் மேல்-கீழ் அசைவுதான் முதலில் போகும். சின்ன வயதில் மண்ணீரல் வீங்கியிருந்த வரலாறு இருக்கலாம். பலமாகச் சிரித்தால் உடல் தளர்ந்து கீழே சரிவார்கள். அதற்கு மிக்லுஸ்டாட் என்ற மருந்து உண்டு, 2024இல் அமெரிக்காவில் மேலும் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. அதேபோல வில்சன் நோய். உடலில் செம்பு தேங்குவதால் வருவது, இளவயதில் நடுக்கமும் இறுக்கமும் கொடுக்கும், சீக்கிரம் பிடித்தால் மாத்திரையிலேயே கட்டுப்படும். கண் மருத்துவர் ஸ்லிட் லாம்ப்பில் பார்த்தால் கருவிழி ஓரத்தில் பழுப்புப் பச்சை வளையம் தெரியும். இளவயது நோயாளியை அழைத்துக்கொண்டு வந்தால் ‘சொந்தத்தில் கல்யாணம்’ என்பதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். டாக்டருக்கு அது ஒரு துப்பு. திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

மாமனாருக்கு எக்ஸோம் டெஸ்ட் (மரபணுக்களின் எழுத்துகளை மொத்தமாகப் படிப்பது) எடுத்தோம். எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் ‘வியூஎஸ்’ என்று வந்திருக்கிறது. என் கணவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. – சென்னை

தூங்கச் சொல்லுங்கள். வியூஎஸ் என்றால், ‘ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது’ என்று ஆய்வகம் எழுதிக்கொடுப்பது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மரபணுத் தரவுகளில் ஐரோப்பியர்களே அதிகம். நம் ஊரில் சாதாரணமாக இருக்கும் எழுத்து வேறுபாடுகூட அங்கே புதிதாகத் தெரியும். அதனால் இந்திய ரிப்போர்ட்டுகளில் இந்த வரி நிறைய வரும். அதை வைத்து நோய் என்றும் சொல்லக்கூடாது, பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் செய்யக்கூடாது.

எல்ஆர்ஆர்கே2 என்பதால் ஒரு வரி கூடுதலாக. இது முதன்மையாகப் பார்க்கின்சன் மரபணு. அதில் கெடுதலானது என்று நிரூபணமான மாற்றம் உள்ள ஒரு சிலருக்கு மூளையில் பிஎஸ்பி போன்ற டாவ் படிவு கண்டிருக்கிறார்கள். அந்த மரபணுவின் பக்கத்தில் உள்ள ஒரு சாதாரண வேறுபாடு, பிஎஸ்பி வந்தபிறகு நோயாளி எத்தனை காலம் இருப்பார் என்பதைப் பாதிக்கிறது என்று 2021இல் ஒரு ஆய்வும் வந்தது. இரண்டுமே உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் வரியைப் பற்றியவை அல்ல. ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே ஆய்வகத்திடம் மறுபடி பார்க்கச் சொல்லலாம். சில வியூஎஸ்கள் பிறகு ‘கெடுதல் இல்லை’ என்று மாறிவிடும்.

தாத்தா, பெரியப்பா, அப்பா மூவருக்கும் 40 வயதுவாக்கில் நடை தள்ளாட ஆரம்பித்தது. இப்போது அண்ணனுக்கும். ஒரு டாக்டர் பிஎஸ்பியாக இருக்கலாம் என்றார். மரபணு டெஸ்ட் எடுத்தோம், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. – ஊர் வேண்டாம்

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் போட நினைத்தேன். நீங்கள் சொல்வது பிஎஸ்பி இல்லை என்று நினைக்கிறேன்.

மூன்று தலைமுறை, 40 வயது, எல்லாருக்கும் முதலில் தள்ளாட்டம். இப்படி வந்தால் முதலில் நினைக்க வேண்டியது எஸ்சிஏ என்ற பரம்பரைத் தள்ளாட்ட நோய்களை. தமிழகக் கிராமங்கள் சிலவற்றில் எஸ்சிஏ1 உள்ள குடும்பங்கள் கொத்தாக இருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. எஸ்சிஏ2வில் கண்ணின் அசைவு மிக மெதுவாகிவிடும், சிலருக்குப் பார்க்கின்சன் போன்ற இறுக்கமும் வரும். ஒரு டாக்டர் அதைப் பார்த்து பிஎஸ்பி என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

‘ஒன்றுமில்லை’ என்று வந்ததாகச் சொல்கிறீர்களே, அது எந்த டெஸ்ட் என்று எடுத்துப் பாருங்கள். எக்ஸோம் என்று இருந்தால் அந்த முடிவை நம்ப முடியாது. எஸ்சிஏ1, 2, 3 எல்லாம் சிஏஜி என்ற மூன்றெழுத்து மீண்டும் மீண்டும் அச்சாகி நீண்டுபோவதால் வருபவை. வழக்கமான எக்ஸோம் டெஸ்ட் எழுத்துப் பிழைகளைப் பிடிக்கும், இந்த நீட்சியை நம்பகமாகப் பிடிக்காது. ‘எஸ்சிஏ ரிப்பீட் எக்ஸ்பான்ஷன் பேனல்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். அதை முதலில் எடுக்க வேண்டியவர் அண்ணன்தான். நீங்கள் எடுக்கக்கூடாது. நோய் உள்ளவரிடம் என்ன என்று தெரிந்தால்தான், மற்றவர்களிடம் எதைத் தேடுவது என்று தெரியும்.

எஸ்சிஏ என்றே முடிவானால் மேலே மதுரைக்காரருக்கு எழுதிய ஆறுதல் உங்களுக்குப் பொருந்தாது. இது பாதிக்குப் பாதி. அப்பாவிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதம், பழுது இறங்கியவருக்கு ஏறக்குறைய நிச்சயம் நோய் வரும். ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயும் இப்படித்தான்: அதே சிஏஜி, 40 தடவைக்கு மேல் போனால் தப்பிப்பது கடினம். அபாயத்தைக் கொஞ்சம் கூட்டும் எச்1 போன்ற வேறுபாட்டுக்கும் நோயையே கொடுக்கும் இந்த நீட்சிக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. இரண்டையும் ‘மரபணுக் கோளாறு’ என்ற ஒரே பெயரில் போடுவதால்தான் ஒரு பக்கம் தேவையில்லாத பயம், இன்னொரு பக்கம் தேவையான எச்சரிக்கை இல்லாமல் போகிறது.

உங்களுக்கு இப்போது அறிகுறி எதுவும் இல்லையென்றால் டெஸ்ட் எடுப்பதும் எடுக்காததும் முழுக்க உங்கள் விருப்பம். அண்ணியோ, வேலைபார்க்கும் இடமோ, மாமியாரோ கட்டாயப்படுத்த முடியாது. எடுப்பதானால் முன்னும் பின்னும் மரபணு ஆலோசகரிடம் பேசுங்கள். வீட்டில் 18 வயது ஆகாத பிள்ளைகளுக்கு, அறிகுறி இல்லாதபோது, எடுக்கவே வேண்டாம். அவர்கள் வளர்ந்து அவர்களே முடிவெடுக்கட்டும்.

முள்சீத்தா இலைக் கஷாயம் தினமும் குடிக்கிறேன், புற்றுநோய் வராது என்கிறார்கள். அதனால் பிஎஸ்பி வரும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். – நாகர்கோவில்

மரபணுக் கேள்வி இல்லைதான். ஆனால் மரபணுவைத் தாண்டி என்ன இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

கரீபியன் கடலில் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவு. அங்கே பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளோடு வருபவர்களில் வழக்கமான பார்க்கின்சனைவிட, மாத்திரைக்குக் கேட்காத, பிஎஸ்பி போன்ற வகை விசித்திரமான அளவில் அதிகம் இருந்தது. 1999இல் இதை வெளியிட்ட ஆய்வாளர்கள், அந்த நோயாளிகள் முள்சீத்தாப் பழமும் அதன் இலைத் தேநீரும் வழக்கமாக எடுத்தவர்கள் என்று கவனித்தார்கள். அந்தச் செடியில் அனோனாசின் என்ற பொருள் உண்டு. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் தயாரிப்பின் முதல் படியையே அது அடைத்துவிடும். எலிகளுக்குக் கொடுத்தபோது மூளைச் செல்கள் செத்தன. தீவில் கண்ட நோய் நாம் பார்க்கும் பிஎஸ்பியை அப்படியே ஒத்ததல்ல. அங்கே மாயக்காட்சிகள் போன்ற வேறு சிலவும் இருந்தன. பழம்தான் காரணம் என்பது இன்றுவரை பலமான சந்தேகம், முழு நிரூபணம் இல்லை.

உங்களுக்கு என் பதில்: எப்போதாவது பழம் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் இலைக் கஷாயம் என்றால் நிறுத்துங்கள். மனிதர்களிடம் அது புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. எதிர்ப்பக்கத்தில் இவ்வளவு பெரிய சந்தேகம் இருக்கிறது. பிஎஸ்பியோ பார்க்கின்சனோ ஏற்கெனவே உள்ளவர் வீட்டில் அந்த இலையே வேண்டாம்.

மகனுக்குப் பெண் பார்க்கிறோம். என் கணவருக்கு பிஎஸ்பி. பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா? – கும்பகோணம்

நோய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். எப்படியும் பார்த்தால் தெரியும், மறைத்தால் பின்னால் மனக்கசப்பு. கூடவே ‘இது பிள்ளைகளுக்கு இறங்கும் வகை இல்லை’ என்று உங்கள் டாக்டர் கையெழுத்தில் நாலு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் பலருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். மகனுக்கு ‘சுத்தம்’ என்று காட்ட மரபணு டெஸ்ட் எடுக்கச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படிக் காட்டும் டெஸ்ட் எதுவும் கிடையாது.

எச்சில் அனுப்பிச் செய்யும் டெஸ்டில் எனக்கு ஏபிஓஇ ஈ4 இருப்பதாக வந்தது. சித்தப்பாவுக்கு பிஎஸ்பி. இரண்டும் சேர்ந்தால்? – சிங்கப்பூர்

ஈ4 என்பது ஏபிஓஇ மரபணுவின் அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் வடிவம். பிஎஸ்பிக்கு அது பகையாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், அல்சைமரில் காப்பாற்றும் ஈ2 வடிவம்தான் பிஎஸ்பி நோயாளிகளிடம் சற்று அதிகமாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கூட்ட வேண்டாம். ஈ4 பற்றிய கவலைக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, நடைப்பயிற்சி என்ற பழைய பல்லவிதான் பதில்.

மரபணு தெரிந்துவிட்டதே, மருந்து ஏன் இன்னும் வரவில்லை? – திருச்சி

முயற்சி இல்லாமல் இல்லை. டாவைப் பிடித்து வெளியேற்றும் ஆன்டிபாடி மருந்துகள் இரண்டைப் பெரிய சோதனைகளில் கொடுத்துப் பார்த்தார்கள்: கோசுரானெமாப், டிலாவோனெமாப். இரண்டும் பலன் தரவில்லை. அதற்கு முன் டாவுனெடைடு என்ற மருந்துக்கும் அதே கதி. டாவின் பெரும்பகுதி செல்லுக்குள்ளே இருக்கிறது, ஆன்டிபாடி பெரும்பாலும் வெளியே நிற்கிறது என்பது ஒரு விளக்கம். இப்போது எம்ஏபிடி மரபணுவின் உத்தரவு புரதமாக மாறும் முன்பே அதை மறிக்கும் ‘ஆன்டிசென்ஸ்’ மருந்துகளைத் தண்டுவட நீரில் ஊசியாகக் கொடுத்துப் பார்க்கும் ஆரம்பக் கட்டம். இதுதான் மரபணு ஆராய்ச்சியிலிருந்து நேராகக் கிளைத்த வழி. எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, ஆனால் வீட்டை விற்றுக்கொண்டு வெளிநாடு ஓடும் அளவுக்கு இல்லை. ஸ்டெம் செல் என்று விளம்பரம் செய்பவர்களிடம் அந்த நம்பிக்கையும் இல்லை.

இன்றைக்கு ஆயுளைக் காப்பது வேறு சில: புரை ஏறாமல் விழுங்கக் கற்றுக்கொடுக்கும் பேச்சுப் பயிற்சியாளர், தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்கித் தருவது, பின்னால் சாயாதபடி முன்பக்கம் எடை கட்டிய வாக்கர், பாத்ரூமில் கைப்பிடி. இந்த நோயில் இறப்புக்கு முக்கியக் காரணம் நிமோனியா. அதனால் சாப்பாட்டு நேரம்தான் சிகிச்சை நேரம்.

கடைசிவரை ‘பிஎஸ்பியாக இருக்கலாம்’ என்றே எழுதுகிறார்கள். உறுதியாக எப்போது தெரியும்? – கோயம்புத்தூர்

அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் உறுதி என்றால் இறந்தபிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்தால்தான். குடும்பத்துக்கு இது எதற்கு என்று கேட்கலாம். கார்ட்டிகோபேசல் டீஜெனரேஷன் போன்ற இன்னொரு டாவ் நோயாக இருந்ததா, டாவ் மரபணுவிலேயே பழுது உள்ள அரிய குடும்ப வகையா என்பது பிள்ளைகளுக்குத் தெரியவேண்டிய தகவல். மேலே சொன்ன 2011 ஆய்வு நடந்ததும் மூளையைக் கொடுக்கச் சம்மதித்த குடும்பங்களால்தான். அந்தக் குடும்பங்கள் ஏறக்குறைய எல்லாம் ஐரோப்பிய வம்சாவளி. நம் மக்களின் பிஎஸ்பி மரபணுக்களைப் பற்றி நான் இங்கே எழுதியவற்றில் பாதி, அங்கிருந்து கடன் வாங்கி ஊகித்தது.

பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. மூளை தானத்துக்கு அவர்களிடம் கேட்கலாம். இறந்து சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியிருப்பதால், துக்க வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் காரியம் இல்லை இது. கோவையிலிருந்து பெங்களூருக்கு எப்படிக் கொண்டுபோவது, எந்தப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்பதை நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே அவரையும் வைத்துக்கொண்டு கேட்டு முடித்துவிடுங்கள்.